இழையா, அலையா?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கையில் இரண்டு விளம்பரத் தாள்களுடன் காத்து நின்றார். கணவர் சரக்குக் கப்பலில் பணி புரிபவர். ஆண்டில் எட்டு, ஒன்பது மாதங்களைக் கடலிலேயே கழிப்பவர். மூத்த மகள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, ஜெர்மனியில் பணி பெறும் நோக்குடன் அந்நாட்டு மொழியை நாள்தோறும் மாலை 7 மணி முதல் 9 மணி வரை இணைய வகுப்பில் பயின்று வருகிறாள். இதுவரை கைபேசியின் இணையத்தைக் கொண்டே ஒப்பேற்றி வந்த அக்குடும்பம், இனி வீட்டிற்கெனத் தனி இணைப்புப் பெற எண்ணியிருக்கிறது.

“சாமி, ஒன்று கம்பியில் வருமாம்; மற்றது காற்றில் வருமாம். இரண்டுக்கும் ஃபைபர் என்றே பேர் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதப் பணத்தை முன்னதாகவே கட்டச் சொல்கிறார்கள். எதை எடுக்க?” என்று கேட்டார்.

நாம் பொறியாளர் அல்லோம். குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்களேயன்றி மோடத்தைப் பற்றி எவரும் கற்பித்தாரில்லை. எனினும் இக்காரியத்தில் இரு முறை இடறி விழுந்தவர் என்னும் தகுதி நமக்குண்டு. மேலும், இதே வினாவுடன் நம்மிடம் வரும் குடும்பங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. ஆகவே அத்தாய்க்குச் சொன்னவற்றையும், அன்று சொல்ல நேரமின்றி விட்டவற்றையும் இங்கு எழுத முற்பட்டோம்.

முதலில் பெயரால் விளையும் மயக்கத்தைத் தெளிவோம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதன் தடிப்பு 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதனுள் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளியே ஓடுகிறது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, வளைந்த கண்ணாடி இழைகளின் வழியே ஒளியைச் செலுத்திக் காட்டிய ஆய்வை 1954-இல் வெளியிட்டார். கண்ணாடியிலுள்ள மாசினை அகற்றினால் நெடுந்தொலைவுக்கும் இவ்வாறு செய்தி அனுப்பலாம் என்பதை 1966-இல் எடுத்துரைத்த சார்லஸ் காவ் என்பவருக்கு 2009-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விழையே தெருக்கம்பத்திலிருந்து நம் சன்னல் வழியே உள்ளே வந்து சுவரிலுள்ள பெட்டியில் சேருமாயின், அதுவே உண்மையான ஃபைபர் இணைப்பு.

‘ஏர்ஃபைபர்’ என்னும் பெயரில் 2023 முதல் நம் நாட்டில் விற்கப்படுவது வேறு. அதில் இழை கைபேசிக் கோபுரம் வரையிலுமே வருகிறது. அங்கிருந்து நம் வீட்டுக்கு வருவது வானொலி அலை. மொட்டைமாடியில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, அது பிடிக்கும் அலையை வீட்டினுள் கொணர்கிறார்கள். 2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கப்பட்ட ஐந்தாம் தலைமுறைக் கைபேசிச் சேவையின் கிளையே இது. வீட்டிற்குள் அறைக்கு அறை பரவும் ‘வை-ஃபை’ இவ்விரண்டிலும் ஒன்றுதான். அது வீட்டுப் பெட்டிக்கும் நம் கைபேசிக்கும் இடையிலான பேச்சு. வை-ஃபை இருப்பதால் தம் வீட்டில் இருப்பது ஏர்ஃபைபர் என்று எண்ணுவோர் பலர்.

கூரைக்குக் கூரை அலை வழியே பேசுவது புதுமையன்று. வத்திக்கான் வானொலியை 1931-இல் அமைத்துத் தந்த மார்க்கோனி, 1933-இல் வத்திக்கானுக்கும் காஸ்தெல் கந்தோல்ஃபோவிலுள்ள திருத்தந்தையின் கோடைகால இல்லத்துக்கும் இடையே நுண்ணலைத் தொலைபேசி இணைப்பை அமைத்தார். பதினோராம் பத்திநாதர் அதனைத் தொடங்கி வைத்தார். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வலையில் பேசியவர்கள் திருத்தந்தை இல்லத்தார் மட்டுமே. நம் ஊர்க் கோபுரத்தின் அலையிலோ ஊரே பேசுகிறது. இதன் பொருளை நாம் திருவிழா நாளன்று உணர்ந்தோம். அதைச் சொல்லுமுன் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைத் தூத்துக்குடி, நெல்லைப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. அக்காலத்தில் நம் பங்கு இல்லத்தில் இருந்தது உள்ளூர்க் கேபிள்காரர் வழியே வந்த இழை இணைப்பு. இழையின்மேல் தண்ணீர் பட்டால் தீங்கில்லை; ஆனால் இழையைத் தாங்கிய கம்பங்கள் சாய்ந்துவிட்டன. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் சிவப்பு விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியது. ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். கேபிள்காரரின் வீடே நீரில் மூழ்கியிருந்தது. அவரை எவ்வாறு கடிந்துகொள்வது? பத்தொன்பது நாள்கள் நமக்கு இணைப்பில்லை. கோபுரமும் முதல் இரு நாள்கள் ஊமையாகத்தான் நின்றது. ஆயினும் அதன் மின்கலங்களுக்கும் மின்னாக்கிக்கும் வழி பிறந்தவுடன் ஊர் முழுமைக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்தது. கோபுரத்தைச் சீர்செய்வது ஓரிடத்து வேலை. இழையைச் சீர்செய்வது தெருத்தெருவாக, வீடுவீடாகச் செய்யும் வேலை.

இதனால் சலிப்புற்று, அடுத்த ஆண்டு அலைவழி இணைப்புக்கு மாறினோம். ஒரே நாளில் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். தொடக்கத்தில் குறை ஒன்றுமில்லை. இழைக் காலத்தைவிட வேகம் கூடுதல் என்று நம் உதவிப் பங்குத்தந்தை மகிழ்ந்தார்.

பிறகு பங்குத் திருவிழா வந்தது. தேர்பவனியை வெளிநாடுகளில் உள்ள நம் மக்களும், எழுந்து வர இயலாத முதியோரும் காணும்படி நேரலையாக அனுப்ப ஏற்பாடு செய்திருந்தோம். (நோயுற்றுப் படுக்கையில் கிடந்த புனித கிளாரா, தம் அறையிலிருந்தே கிறிஸ்து பிறப்புத் திருப்பலியைக் கண்டார் என்பதால் அன்றோ பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்!) தேர் கோவில் வாயிலைக் கடந்த வேளையில், முற்றத்தில் நின்ற ஆயிரக்கணக்கானோரும் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்து, அங்கேயே உறவினருக்கு அனுப்பத் தொடங்கினர். அத்தனை படங்களும் சென்றது அதே கோபுரத்தின் வழியே. நம் ஒளிபரப்பு முதலில் மங்கியது, பின்னர் உறைந்தது, பின்னர் நின்றேவிட்டது. மஸ்கட்டிலிருந்து ஒருவர் மறுநாள் பேசினார். பதினொரு ஆண்டுகளாக ஊர்த் திருவிழாவைக் காணாதவர். “தேர் எங்கள் வீட்டு முனைக்கு வருமென்று காத்திருந்தேன், சாமி. படம் அப்படியே நின்றுவிட்டது” என்றார். நமக்கு வாயடைத்துப் போயிற்று.

இதில் எவரையும் குறை கூற நமக்கு மனமில்லை. அலையின் இயல்பு அது. இழையிலும் பகிர்வு உண்டுதான். தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குத் தருவது வழக்கம். ஆனால் அப்பகிர்வு எண்ணிக்கைக்குள் அடங்கியது. தெருவில் கூட்டம் கூடுவதால் அது மிகுவதில்லை. கோபுரத்திலோ அவ்வேளையில் அங்கு வந்து நிற்கும் ஒவ்வொருவரும் பங்காளியாகிவிடுகிறார். திருவிழாவில்லா நாள்களிலும் மாலை 7 மணிக்கு மேல், ஊரார் வேலை முடிந்து வீடு திரும்பியபின், அலைவழி வேகம் தளர்வதைப் பலரும் கண்டிருப்பர். நம் செவிலியர் மகளின் வகுப்பு தொடங்கும் நேரமும் அதுவே என்பதைக் கவனிக்க.

இனி வேகத்தைப் பற்றி. தாள்களில் 100 என்றும் 300 என்றும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். இவை மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலின், 100 மெகாபிட் என்பது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே. இருப்பினும் தெளிவான திரைப்படம் ஒன்றைக் காண 5 மெகாபிட் அளவே போதுமானது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு 30 அல்லது 40 இருந்தாலே தாராளம். ஆகவே அவ்வெண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. சிறிய எழுத்தில் மறைந்திருக்கும் ஒன்றையே கேட்டறிய வேண்டும். அதுதான் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம். படம் பார்ப்பதற்கு உள்ளே வருவது போதும். கப்பலிலுள்ள தந்தை தம் மகளின் முகத்தைக் காண வேண்டுமாயின், வீட்டிலிருந்து அம்முகம் வெளியே சென்றாக வேண்டும். நேர்முகத் தேர்விலும் அவ்வாறே. இழை இணைப்புகளில் பெரும்பாலும் உள்வரும் வேகமும் வெளிச்செல்லும் வேகமும் ஒத்திருக்கும். அலைவழியில் வெளிச்செல்வது மிகக் குறைவாகவே இருக்கும்.

மாத அளவைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். வரம்பற்றது என்று விளம்பரம் செய்யினும், இழைத் திட்டங்கள் பலவற்றில் 3,300 ஜிபி என்றும், அலைவழியில் 1,000 ஜிபி என்றும் வரம்பு குறித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் வேகம் சுருங்கும். 1,000 ஜிபி என்பது குறைவன்று. மணிக்கு 3 ஜிபி வீதம் நாள்தோறும் பதினொரு மணி நேரம் திரைப்படம் பார்த்தால்தான் அது தீரும். அவ்வாறு தீர்க்கும் வீட்டில் இணைய இணைப்பைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று இருக்கிறது என்றே நாம் கொள்வோம். கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. தாளில் 499 ரூபாய் என்றிருந்தால் கையிலிருந்து போவது ஏறத்தாழ 589 ரூபாய்.

இவ்வளவும் கூறியதால் எல்லா இல்லங்களும் இழையையே நாட வேண்டும் என்று கொள்ளற்க. அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பத்தார், சுவரில் துளையிட வீட்டுக்காரர் இசையாதோர், இழை இன்னும் வந்து சேராத தெருவில் வாழ்வோர் ஆகியோருக்கு அலைவழி நல்ல துணை. ஆற்றுக்கு அக்கரையில் வாழைத்தோட்டத்தின் நடுவே தனித்து வாழும் நம் உபதேசியார் வீட்டுக்கு இழை இழுப்பதென்றால் எத்தனை கம்பம் நட வேண்டும்! அவர் மாடியிலிருந்து கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, இடையே மரமில்லை, அவருக்கு அது குறைவின்றி இயங்குகிறது. அலைவழியைத் தேர்வோர், கோபுரத்துக்கும் தம் மாடிக்கும் இடையே தென்னந்தோப்போ புதிய மாடிக் கட்டடமோ மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்க. அக்கம்பக்கத்தில் முன்னரே அதனைப் பெற்றவர் இருப்பின், இரவு 8 மணிக்கு அவர் வீட்டுக்குச் சென்று சற்று நேரம் வீடியோவில் பேசிப் பார்த்தல் நலம். காலையில் சோதித்து மகிழ்ந்து, மாலையில் வருந்துவோர் பலர்.

இழையைத் தேர்வோர் கேட்க வேண்டியது, அறுந்தால் வருபவர் யார் என்பதே. பெரிய நிறுவனத்தின் பெயர் தாளில் இருக்கும். ஏணியுடன் வருபவரோ நம் ஊர்க் கேபிள்காரர். தெருவில் நான்கு வீடுகளில் விசாரித்தால் அவர் எத்தனை நாளில் வருவார் என்பது தெரிந்துவிடும். அணிலும் எலியும் இழையைக் கடிக்கும். உயரமான லாரி இழுத்து அறுக்கும். வீட்டினுள் நாமே அலமாரிக்குப் பின்னே அதனை முறுக்கி மடக்கி ஒளியைக் கசியவிடுவோம். ஆதலின் பெட்டியைக் கூடத்தில் நடுவாக வைக்கச் சொல்லுங்கள். அலை எல்லா அறைக்கும் எட்டும். பிள்ளைகள் பார்ப்பதும் பெரியோர் கண்ணெதிரே நிகழும்.

மின்வெட்டை மறந்துவிடலாகாது. நிலையத்திலிருந்து வீடு வரையிலான இழைக்கு இடையில் மின்சாரம் தேவையில்லை. ஆனால் வீட்டுப் பெட்டிக்குத் தேவை. மாடியிலுள்ள அலைவழிப் பெட்டிக்கும் அவ்வாறே. மோடத்திற்கென்றே சிறு மின்கலப் பெட்டிகள் விற்கிறார்கள். அவை சில மணி நேரம் தாங்கும்.

பங்கு இல்லத்தில் மீண்டும் இழைக்கே வந்துவிட்டோம். வெள்ளத்தின் நினைவால், கைபேசியில் சிறு திட்டம் ஒன்றையும் கைவிடாது வைத்திருக்கிறோம். இழை அறுந்த நாளில் நோயாளிகளின் வீட்டிலிருந்து வரும் அழைப்பு நம்மை எட்ட வேண்டுமன்றோ!

அத்தாயின் வீடு சொந்த வீடு. தெருவில் இழை வந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. விசாரித்ததில், கேபிள்காரர் மறுநாளே வந்துவிடுபவர் என்று அறிந்தார். மூன்று வாரங்களுக்குப்பின் அவரை மீண்டும் கோவில் வாயிலில் கண்டோம். இழையே போட்டிருப்பதாகவும், ஆறு மாதமென்று கட்டாமல் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டியிருப்பதாகவும் கூறினார். மகளுக்கு மொழித் தேர்வு அடுத்த மாதம். மின்கலப் பெட்டி வாங்கியாயிற்றா என்று வினவினோம்.

“அதைத்தான் சாமி முதலில் வாங்கினேன்” என்றார்.