பின்பக்கச் சத்தத்தை என்ன செய்வது?

கண்டியிலிருந்து தேசியக் குருமடம் இருக்கும் அம்பிட்டிய மேட்டுக்கு ஒரு சுசூகி ஆல்ட்டோவும் ஒரு முச்சக்கர வண்டியும் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே சப்வூஃபர், நாலாபுறமும் மூடிய ஒரே பெட்டி, ஒரே ஆம்ப்ளிஃபயர். காரில் பேஸ் நெஞ்சில் இடிக்கிறது. ஆட்டோவில் சப்பென்று இருக்கிறது. குறை ஸ்பீக்கரில் இல்லை. பெட்டிக்கும் வண்டிக்கும் பொருத்தம் சரியில்லை.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. ஆக, இரண்டு பக்கமும் நேரெதிரான ஒலியலைகள். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றருக்கும் அதிகம் என்பதால், பின்பக்க அலை சிறிய கூம்பைச் சுலபமாகச் சுற்றிவந்து முன்பக்க அலையை அழித்துவிடும். பெட்டியில்லாத சப்வூஃபரில் பேஸ் வராததற்கு இதுதான் காரணம். பின்பக்கச் சத்தத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு பெட்டி வகையும் ஒவ்வொரு பதில் சொல்கிறது.

மூடிய பெட்டி அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அடைபட்ட காற்று, கூம்பை அதன் இடத்துக்குத் திருப்பும் வில்லாகவும் வேலை செய்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் இந்த முறையில் செய்த ஏஆர்-1, சிறிய பெட்டியிலிருந்தும் ஆழமான பேஸ் வரும் என்று காட்டியது. அடி விழுந்ததும் சத்தம் சட்டென்று நிற்கும். தாளம் துல்லியமாகக் கேட்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குச் சக்தி கூடுதலாக வேண்டும்.

துவாரப் பெட்டியோ பின்பக்கச் சத்தத்தை வீணாக்குவதில்லை. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி கேட்கும் அல்லவா? பெட்டியில் பொருத்திய குழாயிலுள்ள காற்றும் அப்படித்தான் அதிர்ந்து, அந்தச் சுருதிக்கு அருகில் முன்பக்க ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். காரில் பெரும்பாலும் 32 முதல் 38 ஹேர்ட்ஸுக்குள் சுருதி வைப்பார்கள். அதே சக்திக்குக் கூடுதல் சத்தம் கிடைக்கும். ஆனால் அந்தச் சுருதிக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்துவைக்கக் காற்று இல்லை. அது அளவுமீறி ஆடிப் பழுதாகலாம். ஆகவே அந்த ஆழத்தை வெட்டிவிடும் ஃபில்டர் அவசியம்.

ஸ்பீக்கரை இரண்டு அறைகளுக்கு நடுவே ஒளித்துவைக்கும் பேண்ட்பாஸ் பெட்டி, குறுகிய அதிர்வெண் வீச்சுக்குள் உரக்கக் கத்தும். கணக்குப் பிசகினால் எல்லாப் பாட்டும் ஒரே முனகலாகிவிடும். முதல்முறை செய்பவர்களுக்கு இது வேண்டாம்.

இனி ஆட்டோ விஷயம். கண்ணாடி ஏற்றிய சிறிய காரின் உள்நீளம் இரண்டரை மீற்றர் என்று கொண்டால், சுமார் 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே அலை விரிய இடமில்லை. கார் முழுவதும் ஓர் அழுத்த அறையாகி பேஸைத் தூக்கிவிடுகிறது. மூடிய பெட்டியில் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறக்குறைய 12 டெசிபல் குறையும். கார் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. பக்கங்கள் திறந்த முச்சக்கர வண்டியில் அந்த உதவி கிடையாது. அங்கே துவாரப் பெட்டிதான் நியாயமான தெரிவு.

அடுத்தது இடம். ஆல்ட்டோ 800இன் டிக்கி 177 லீற்றர். 12 அங்குல ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டி உள்ளளவில் 30 லீற்றர் போதும். 18 மில்லிமீற்றர் பலகையையும் சேர்த்தால் வெளியளவு 40 லீற்றரைத் தாண்டும். 55 லீற்றர் துவாரப் பெட்டி, குழாயும் பலகையுமாக 80 லீற்றர் வரை பிடிக்கும். டிக்கியில் பாதி அதற்கே போய்விட்டால் சந்தைச் சாமான்களைப் பின்சீட்டில்தான் வைக்க வேண்டும். எந்தப் பெட்டியானாலும் கண்டியின் வளைவுகளில் வழுக்காதபடி இறுக்கிக் கட்டுங்கள். எம்டிஎஃப் பலகை கனமானது, நன்றாக ஒலிக்கும். ஆனால் ஈரம் பட்டால் ஊதிப் பொருமிவிடும். மழை அடிக்கும் ஆட்டோவுக்கு மரைன் பிளைவுட் நல்லது.

பெட்டியை முதலில் வாங்கிவிட்டு ஸ்பீக்கரைத் தேடாதீர்கள். அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரையும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வுகளும் பெட்டிக் கணக்கைக் குருட்டு நம்பிக்கையிலிருந்து மீட்டன. இருவர் பெயரையும் தாங்கிய அளவுகள் ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கும். அதில் எஃப்எஸ் என்ற எண்ணை க்யூஇஎஸ் என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 50ஐ ஒட்டி வந்தால் மூடிய பெட்டி, 100ஐ ஒட்டி வந்தால் துவாரப் பெட்டி. இடையில் வந்தால் வண்டியைப் பார்த்து முடிவெடுக்கலாம்: சிறிய காருக்கு மூடியது, ஆட்டோவுக்குத் துவாரம் உள்ளது. அந்தத் தாளைக் காட்ட மறுக்கும் கடையில், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.