கீழ்புத்துப்பட்டில் பிறந்தவர் எந்த நாட்டவர்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டித் தெற்கே போனால், புதுச்சேரி எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் கீழ்புத்துப்பட்டு வரும். அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இருக்கிறது. முகாம் ஆண்களில் பலருக்குப் பெயிண்டிங் அல்லது கட்டட வேலை. பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஆதார் அட்டை இருக்கிறது, வாக்காளர் அட்டை இல்லை. இத்தனை வருஷமாக இருக்கிறவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டால்தான் என்ன என்று வெளியே இருப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முகாமில் இருக்கும் எல்லாருக்கும் சட்டம் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கி, 1990-லும் 1996-லும் 2006-லும் அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படகேறி வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள்.

வந்தவர்களை அரசே மண்டபம் முகாமில் விசாரித்து, பெயர் எழுதி, அட்டை கொடுத்து முகாம்களுக்கு அனுப்பியது. பணக்கொடையும் மாதாமாதம் கொடுக்கிறது: 2021 அறிவிப்புக்குப் பின் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. அதற்காக ‘செக்கிங்’ நாளில் அதிகாரி முன்னால் ஆள் நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் பெயிண்ட் அடிக்கப் போனவர் அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

அரசு இப்படித் தன் கையாலேயே பதிந்து வைத்திருக்கும் இந்த ஆளைத்தான் குடியுரிமைச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் எவரும் அந்த வகைதான். ஓடிவந்த காரணத்தை அது கேட்காது. அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. சாதாரணமாக ஒரு வெளிநாட்டவர் பன்னிரண்டு ஆண்டு இங்கே வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். சட்டவிரோதக் குடியேறிக்கு அந்த வழியை 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. அவர் நாற்பது ஆண்டு இருந்தாலும் அந்தக் காலம் கணக்கில் வராது.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு முடிவு சொல்வது பிறந்த தேதி. 1984-இல் வந்த ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். மூத்தவள் 1986-இல் பிறக்கிறாள், தம்பி 1989-இல். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். ஆகவே அக்கா இந்தியக் குடிமகள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆகவே தம்பி இந்தியர் அல்ல. அக்கா வகையில் வரும் ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்குத் தாய், தந்தை இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. படகில் வந்த முகாம் பெண் ஒருத்தி மரக்காணத்துப் பையனைக் கட்டிக்கொண்டாலும், அவர்களுக்கு இன்று பிறக்கும் குழந்தைக்கு அப்பாவின் குடியுரிமை வராது. இந்தியரை மணந்ததைக் காட்டி அவளாலும் விண்ணப்பிக்க முடியாது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகக் கொடுமையாகப் படுவது இந்த இடம்தான்.

மலையகத் தமிழர் கதை வேறு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன இவர்களின் முன்னோர் இங்கிருந்து போனவர்கள். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. 1974-இல் மேலும் 75,000 பேரை. போர் மூண்டு ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றதும் அந்த வழி அறுந்தது. அதன்பின் உயிருக்குப் பயந்து படகில் வந்த மலையகத் தமிழரும் மற்றவர்களைப் போலச் சட்டவிரோதக் குடியேறி ஆனார்கள். அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், புதிதாக விண்ணப்பம் வாங்கிப் பதினாறு வாரத்தில் முடிவெடுக்கும்படி நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஜூனில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. அந்த வழி இரண்டு படியாகக் கட்டப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதற்படியாக 2015-இல் பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு, ஆவணம் இல்லாமல் தங்குவது குற்றமாகாது என்று விலக்கு அளித்தார்கள். ஆப்கானியரை மறு ஆண்டு சேர்த்தார்கள். 2019 சட்டம், அந்த விலக்குப் பெற்றவர்களைச் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக் கூடாது என்றது.

2025 செப்டம்பரில் ஈழத்தமிழருக்கும் முதற்படி கிடைத்தது. புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் பிறந்த ஆணைப்படி, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போட முடியாது. அதைக் குடியுரிமை என்று சிலர் கொண்டாடிவிட்டார்கள். அது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே.

திரும்பிப் போகலாமே என்பார்கள். போக விரும்புகிறவர்களும் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் பிள்ளை இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். அங்கேயும் படகில் வெளியேறியது குற்றம்தான்: 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள்.

மொத்தமாகக் குடியுரிமை கொடுப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. கீழ்புத்துப்பட்டுக்குத் தெற்கே இருக்கும் புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஒரே ஆணையால் அங்குள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியரானார்கள்; வேண்டாம் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக்காரராகவே தொடர முடிந்தது. அது நிலம் இணைந்ததால் வந்த குடியுரிமை, முகாமுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மனம் வைத்தால் விருப்பத்தைக் கேட்டுத் தீர்க்க முடியும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

முகாமில் உறவோ நட்போ உள்ளவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் யாராவது இருந்தால், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்காகக் கலெக்டரிடமோ முதலமைச்சரிடமோ மனு கொடுத்துப் பயனில்லை. குடியுரிமை ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது படியை நாடாளுமன்றம்தான் கட்ட வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி. வேட்பாளரிடம், ஓட்டு இருக்கிற நீங்கள் கேளுங்கள்.