கொள்ளைநோயும் ஆர்ப்புக்குழு வாணிகமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் 'சியர்லீடிங்' என்றொரு கலை உண்டு. பந்தாட்டக் களத்தின் ஓரத்தே நின்று தம் கட்சியாரை ஊக்கி ஆர்ப்பரித்தலே அதன் தொடக்கம். 1898-ஆம் ஆண்டில் மின்னசோட்டாப் பல்கலைக்கழக மாணவர் ஜானி கேம்பெல் என்பார் மக்கள்முன் நின்று ஆர்ப்பினை நடத்தினார் என்பர். தமிழில் இதனை ஆர்ப்புக்குழு எனலாம்; போர்க்களத்து முழக்கத்தை ஆர்ப்பு என வழங்கிய நம் முன்னோர் இதனை மறுக்கமாட்டார் என நம்புகின்றேன்.

இன்றோ, பந்தாட்டம் ஏதுமின்றி இக்குழுக்கள் தமக்குள்ளேயே போட்டியிடுதல் தனியொரு விளையாட்டாகவும் பெருவாணிகமாகவும் வளர்ந்துளது. 54 அடி நீளமும் 42 அடி அகலமும் உள்ள தளத்தின்மேல், ஒருவரை ஒருவர் தாங்கியும் மேலெறிந்து பிடித்தும் இரண்டரை நிமிடத்தில் வித்தை காட்டுவர். இதன்பொருட்டு ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்குப் பல ஆயிரம் டாலர் செலவிடும் பெற்றோர் உளர். மாதச் சம்பளம், உடை, நுழைவுக் கட்டணம், பயணம் எனச் செலவு நீளும். தங்கும் விடுதியைக்கூடப் போட்டி நடத்துவோரே குறித்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு! போட்டி நடத்துவோருள் தலையாயது மெம்பிஸ் நகரத்து வார்சிட்டி நிறுவனம். ஜெஃப் வெப் என்பார் 1974-இல் தொடங்கிய இதனைப் பெயின் கேப்பிட்டல் என்னும் முதலீட்டு நிறுவனம் 2018-இல் வாங்கிற்று.

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் பரவவே, பயிற்சிக்கூடங்கள் அடைக்கப்பட்டன. டேடோனாக் கடற்கரையில் நிகழும் கல்லூரிப் போட்டியும், ஆர்லாண்டோவில் நிகழும் உலகப் போட்டியும் அவ்வாண்டு கைவிடப்பட்டன. கூவுதலும் மெய்தீண்டித் தாங்குதலுமே இக்கலையின் உயிர். நோய் பரவுவதற்கும் அவையே வழி. ஆகலின் ஏனைய விளையாட்டுக்களினும் இதற்கு இடர் மிகுதி.

காலமும் பொல்லாததாயிற்று. ஏப்ரல், மே திங்கள்களில் பெரும்போட்டிகள் முடியும். அவற்றை அடுத்தே வரும் ஆண்டிற்குக் குழந்தைகளைத் தேர்ந்து முன்பணம் பெறுவர். பழைய ஆண்டின் பணம் செலவாகிப் புதிய பணம் வரவேண்டிய வேளையில் கதவடைந்தது. கொடுத்த கட்டணத்தைத் திருப்புமாறு பெற்றோர் கேட்டனர். கூடத்தாரோ அதனை முன்பே பிறர்க்குச் செலுத்தியிருந்தனர். உயர்ந்த கூரையுடைய பெருங்கூடத்தின் வாடகை மட்டும் ஓயவில்லை.

அரசினர் சிறுதொழிலாளர்க்குக் கடன் அளித்தனர். விதித்தவாறு செலவிடின் அதனைத் திருப்பவேண்டுவதில்லை. ஆயினும் நூற்றுக்கு 75 பங்கு கூலிக்கே செல்லவேண்டும் என்பது முதல் விதி. சில மணி நேரமே வந்துபோகும் பயிற்சியாளரையும் பெருவாடகையையும் உடைய கூடத்திற்கு அவ்விதி பொருந்துமாறு எங்ஙனம்? ஜூன் திங்களில் அது 60 பங்காகக் குறைக்கப்பட்டது. இவ்விதி வகுத்தோர் உணவுச்சாலையை எண்ணினரேயன்றி இத்தகைய கூடத்தை எண்ணிலர் போலும்.

பின்னர்த் தத்தம் கூடத்திலேயே ஆடிப் படம்பிடித்து அனுப்பும் போட்டிகள் எழுந்தன. நுழைவுக் கட்டணம் ஓரளவு வந்தது. காண்போர் சீட்டும் விடுதி வருவாயும் வந்தில. உலகப் போட்டி 2021 மே திங்களில் மீண்டும் நிகழ்ந்தது.

மனிதக் கோபுரத்தில் மேல்நிற்பவர் சறுக்கின் தாங்கப் பலர் உளர். அடியில் நிற்பவரைத் தாங்குவார் இலர். இவ்வாணிகத்தின் அடியில் நின்றவை சிறு கூடங்கள். கதவடைந்திருந்த அந்த 2020 மே திங்களிலேயே, போட்டியாளரை ஒழித்துச் சந்தை முழுதையும் தனதாக்கிக் கட்டணம் உயர்த்தியது என வார்சிட்டியின்மேல் கூடத்தார் சிலர் வழக்குத் தொடுத்தனர். நோய்க்கு முற்பட்ட குறையே அது. வருவாய் நின்றபோது வலி மிகுந்தது போலும். நிறுவனம் குற்றத்தை மறுத்தது. எனினும் 2023-இல் 4 கோடியே 35 இலட்சம் டாலர் தர இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் பெயின் நிறுவனம் வார்சிட்டியைக் கே.கே.ஆர். என்னும் மற்றொரு முதலீட்டு நிறுவனத்திற்கு விற்றது.