உஷார்! புது மாட்டோடு நோயும் வண்டியேறி வரலாம்

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிறவர் சுழி பார்க்கிறார், பல் பார்க்கிறார், மடியைத் தடவிப் பார்க்கிறார். ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போகிறது: ‘போன மாதம் முழுக்க இது எங்கே, எந்த மாடுகளோடு நின்றது?’ அதைக் கேட்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

கோமாரி வைரஸ் உடம்பில் புகுந்தபின் 2 முதல் 14 நாள் வரை அறிகுறி எதுவும் இருக்காது. வாயில் கொப்புளம் கிளம்புமுன்பே மாடு நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். ‘நல்லாத்தானே மேயுது’ என்பதை நம்பி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

விற்பவர் ஊரில் நோய் இல்லையா? அதுவும் போதாது. 2001இல் அயர்லாந்திலிருந்து நெதர்லாந்துக்குக் கன்றுகள் போயின. கிளம்பும்போது அவற்றுக்கு நோயில்லை. வழியில் பிரான்சின் மாயென் பகுதியில் இளைப்பாற இறக்கிய இடத்தில் பிரிட்டன் செம்மறிகளும் நின்றிருந்தன. அங்கே தொற்றிய கோமாரி நெதர்லாந்து வரை போனது. அதை அடக்க அந்த நாடு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றது.

நம் மாடுகளும் இப்படி நோய் சுமந்ததுண்டு. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய திமில் மாடுகளை வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கினார்கள். வெக்கை நோய் அந்த நாட்டில் பரவியது. அந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான் 1924இல் 28 நாடுகள் பாரிஸில் கையெழுத்திட்டு, கால்நடை நோய்களுக்கென்றே ஓர் உலக அமைப்பைத் தொடங்கின.

இன்று கால்நடை இறக்குமதிக்கு அனுமதி தருமுன் நாடுகள் மூன்று கேள்வி கேட்கின்றன. நோய் உள்ளே வர வழி உண்டா? வந்தால் உள்ளூர் கால்நடைகளுக்குத் தொற்றுமா? தொற்றினால் நஷ்டம் எவ்வளவு? பலரும் கோட்டைவிடுவது இரண்டாவதில். 1987இல் ஸ்பெயினின் ஒரு விலங்குப் பூங்காவுக்கு நமீபியாவிலிருந்து வரிக்குதிரைகள் வந்தன. அவை சுமந்துவந்த ஆப்பிரிக்கக் குதிரை நோய் வரிக்குதிரையைப் பெரிதாக வாட்டாது. ஆனால் அதைப் பரப்பும் கடிபூச்சி ஸ்பெயினில் ஏற்கெனவே இருந்தது. 1990 வரை அங்கே குதிரைகள் செத்தன.

நம்மூரில் ஈக்கும் கொசுவுக்கும் உண்ணிக்கும் பஞ்சமா? அவை பரப்பும் தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதலாக 2019இல் ஒடிசாவில் தலைகாட்டியது. 2022இல் நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது.

வெளிநாட்டிலிருந்து வரும் விலங்கை அடைத்துவைத்துக் கண்காணிக்கச் சென்னையில் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. பக்கத்து மாநிலத்திலிருந்து நீங்கள் லாரியில் கொண்டுவரும் மாட்டுக்கு அந்த ஏற்பாட்டை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

• விற்பவர் ஊரின் கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். தரகர் பேச்சு போதாது.

• சந்தையில் பல ஊர் மாடுகள் கலக்கின்றன. முடிந்தவரை தொழுவத்திலேயே போய் வாங்குங்கள்.

• காதுத் தோட்டின் 12 இலக்க எண்ணைக் கொண்டு தடுப்பூசிப் பதிவைப் பார்க்கக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி போட்ட மாடும் கோமாரி வைரஸைச் சுமக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

• வண்டியைச் சாணம் போகக் கழுவி, 4 சதவீதச் சலவை சோடாக் கரைசல் தெளித்த பிறகே மாட்டை ஏற்றுங்கள்.

• வந்த மாட்டை 30 நாள் தனியே கட்டுங்கள். தோல் கழலை நோய் வெளிப்பட 28 நாள்கூட ஆகலாம். தண்ணீர்த் தொட்டி, கயிறு, வாளி எல்லாம் தனி. பழைய மாடுகளுக்குத் தீனி வைத்த பிறகே புது மாட்டிடம் போங்கள்.

• காய்ச்சல், எச்சில் ஒழுகல், நொண்டல், தோலில் கட்டி, எது கண்டாலும் 1962க்கு அழையுங்கள்.

சந்தை விலையைவிடத் திடீரென மலிவாக ஒரு மாடு கிடைக்கிறதா? பக்கத்துத் தொழுவத்தில் நோய் கண்டு அவசரமாகத் தள்ளிவிடுகிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் தொழுவத்தில் நோய் கண்டால், நீங்களும் அப்படித் தள்ளிவிடாதீர்கள்.