மாடிப்படிக்கு அடியில் ஒரு புல்லட்

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கிறது? பழைய பேப்பர்க் கட்டு, உடைந்த குடை, யாரும் உட்காராத மூன்று கால் நாற்காலி, அப்படித்தானே? எங்கள் பெரம்பூர் வீட்டில் அந்த இடத்தில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் இருந்தது. 1979-ம் வருஷத்து வண்டி. அப்பா காலமான பிறகு நாலு வருஷம் அது பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றது.

"விற்றுவிடலாம் அம்மா" என்று நான் சொல்வேன். அம்மா பதில் சொல்லமாட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் இன்னும் வேகமாக ஆய்வாள். அப்பாவின் ஞாபகம், அதனால்தான் விற்க மனசு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். விஷயம் அது மட்டுமல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுநடுவே ஸ்பானர், எண்ணெய், பெட்ரோல் எல்லாம் வரும். முகத்தைச் சுளிக்காமல் படியுங்கள். இட்லிக்கு மாவு அரைக்கத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் புரியாத வித்தையல்ல.

புல்லட் என்ற பெயர் பிறந்தது இங்கிலாந்தில், 1932-ல். ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி வைத்த பெயர். 1955-ல் அந்தக் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களைக் கப்பலில் வரவழைத்து இங்கே பூட்டினார்கள். போகப்போக எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். தாய்வீடான ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் திருவொற்றியூர்ப் பெண் நிற்கவில்லை. 1977-ல் அவள் இங்கிலாந்துக்கே கப்பல் ஏறி, தாய்வீட்டிலேயே விலை போனாள்! எங்கள் மாடிப்படிக்கு அடியில் நின்றது அவளுடைய தங்கைதான்.

இந்த வண்டியின் வார்ப்பிரும்பு எஞ்சினில் ஒளிவு மறைவு கிடையாது. எண்ணெய் வழியும் இடம் கண்ணுக்குத் தெரியும். கழற்ற வேண்டிய நட்டு கைக்கு எட்டும். ஆகையால்தான் எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அப்பாமார்கள் வாசலில் குந்தி உட்கார்ந்து, பழைய பனியனால் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா.

நாற்பத்தையாயிரம் ரூபாய்

சென்ற வருஷம் அம்மாவை ஒருவாறு சம்மதிக்க வைத்தேன். வாங்குகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று டாங்கை மெழுகு பாலீஷ் போட்டுத் தேய்த்து மின்ன வைத்தேன். பிறகு ஓர் ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். நாள்பட்ட பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணி, புது பாட்டரி போட்டு அவர்கள் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். கல்லூரி நாளிலேயே அப்பாவிடம் புல்லட் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கியவள் நான். ஓட்டத் தெரியுமே ஒழிய, ஸ்பானரின் தலை எது, வால் எது என்று தெரியாது.

டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மூன்று கிலோமீட்டர் போனதும் வண்டி இருமிற்று. இன்னும் கொஞ்ச தூரத்தில் நின்றேவிட்டது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் கிளம்பிற்று. மறுபடி இருமல், மறுபடி நிற்றல். திரும்ப ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "எஞ்சின் சூடாகி மடங்குகிறது. முழுக்கப் பிரித்து வேலை செய்யணும். நாற்பத்தையாயிரம் ஆகும்" என்றார்கள்.

வாங்குகிறவர் இதைக் கேட்டதும் பாதி விலைக்கு இறங்கினார். எனக்கும் அலுத்துப்போய்விட்டது. "எடுத்துக்கொண்டு போங்கள், திங்கட்கிழமை" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "விக்கறதுன்னா வித்துக்கோ. அதுக்கு முந்தி எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கொடு."

அம்மா கேட்ட மூன்று கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்த கையோடு அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வண்டியைத் தொடவில்லை. டாக்டர் மாதிரி என்னைத்தான் விசாரித்தாள்.

"எவ்வளவு தூரம் போனதும் நிக்கறது?"

"ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்."

"பட்டுனு நிக்கறதா, இருமி இருமி நிக்கறதா?"

"இருமி இருமி."

"அப்படின்னா கரண்ட் கோளாறு இல்லை, பெட்ரோல் கோளாறு. விளக்கை அணைச்சாப்பல பட்டுனு நின்னா பிளக், காயில், பாயிண்ட்னு பார்க்கணும். அடுப்பிலே கேஸ் தீர்ந்து போறாப்பல கொஞ்சம் கொஞ்சமா செத்தா பெட்ரோல் வரலைன்னு அர்த்தம். நின்னப்போ டாங்க் மூடியைத் திறந்து பார்த்தியோ?"

"இல்லையே! டாங்க்தான் நிறைய இருந்ததே!"

அம்மா சிரித்தாள். "அதுதான் கேட்டேன்."

வண்டியை வெளி வாசலுக்குத் தள்ளச் சொன்னாள். சுவாமி விளக்கு, ஊதுவத்தி, சமையலறை அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். கார்புரேட்டரில் மாட்டியிருந்த பெட்ரோல் குழாயை உருவி ஒரு காலி டப்பாவுக்குள் விட்டாள். டாங்க் மூடியை இறுக்கி மூடிக் குழாயைத் திறந்தாள். பெட்ரோல் தாரையாக விழுந்தது. நான், "நன்றாகத்தானே வருகிறது?" என்றேன். "பொறு" என்றாள். தாரை மெலிந்தது, நூலாயிற்று, பிறகு சொட்டு. கடைசியில் அதுவும் நின்றது.

"இப்போ மூடியைத் திற."

திறந்தேன். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. உடனே டப்பாவில் பழையபடி தாரை!

"எண்ணெய் டின்னுக்கு எத்தனை ஓட்டை போடறோம்?" என்று அம்மா கேட்டாள்.

இரண்டு! ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்றுப் போக. ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி வந்து நின்றுவிடும். நாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? பெட்ரோல் டாங்கும் அப்படித்தான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியிலே ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைபட்டுப்போனால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான். ஆகவே சீக்கிரமே நிற்கும். சும்மா நிற்கும்போது காற்று மெள்ளக் கசிந்து நுழைந்துவிடுவதால் மறுபடியும் கிளம்பும்.

அம்மா புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி அந்தத் துளையைக் குத்தினாள். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. நான் அழகுக்காகத் தேய்த்தேனே, அந்த மெழுகு பாலீஷ்!

நாற்பத்தையாயிரம் ரூபாய் வியாதிக்கு ஓர் ஊக்கு மருந்து. ஒர்க்ஷாப்காரர்களைக் குறை சொல்லி என்ன? துளையை அடைத்தவளே நான்தான்!

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

அன்று சாயங்காலம் அம்மா அலமாரியிலிருந்து பழைய பால் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். முன்பக்கம் பால். பின்பக்கம் வண்டி. எண்ணெய் மாற்றிய தேதி, செயின் இறுக்கிய தேதி, க்ளட்ச் கேபிள் அறுந்த தேதி எல்லாம் அம்மாவின் குண்டு எழுத்தில் முப்பது வருஷத்துக்கு இருந்தது. "உங்கப்பாவுக்கு ஞாபகம் போதாது. நான்தான் எழுதி வெச்சுச் சொல்லுவேன்" என்றாள்.

அந்த நோட்டிலிருந்தும் அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் நான் தெரிந்துகொண்டதில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய புல்லட் இருக்கலாம் அல்லவா?

எஞ்சின் எண்ணெயை வண்டி சூடாக இருக்கும்போதுதான் வடிக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்து அடித்துக்கொண்டு வரும். கூடவே வடிகட்டியையும் மாற்ற வேண்டும். புது எண்ணெய் விட்ட பிறகு எஞ்சின் தலைக்குப் போகும் சின்னக் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அங்கே எண்ணெய் கசிந்தால் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். பார்த்ததும் மறக்காமல் இறுக்கிவிடுங்கள். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெய் எடுக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

டாப்பெட் சரிபார்ப்பது இதற்கு நேர்மாறு. எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரியும். அப்போது வைத்த கணக்கு ஆறினதும் பொய்யாகிவிடும். ஆகையால் விடியற்காலை வேலை. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் இரண்டு தண்டுகள் தெரியும். விரலால் திருகினால் அவை சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. "கையிலே சரியான அளவு வளையல் மாதிரி. சுத்தணும், கழண்டு விழக் கூடாது" என்பாள் அம்மா. இதைவிடத் தெளிவாக எந்தப் புஸ்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் மூக்கின் நிறத்தைப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் என்றால் சுகம். கரிபோலக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. காற்று வடிகட்டியைக் கவனியுங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. அசட்டையாக விட்டால் எஞ்சினுக்கு ஆபத்து.

மூடித் துளையை ஊக்கால் குத்தலாம் என்றேனே, அதே ஊக்கைக் கார்புரேட்டரின் ஜெட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் துளைக்கு ஓர் அளவு உண்டு. ஊக்கு அதைப் பெரிதாக்கிவிடும். காற்றால் ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம் நம் காலத்துக்கே உரியது. இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025-ல் அது நூற்றுக்கு இருபது பங்கை எட்டியது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. நாள் கணக்கில் நிற்கிற வண்டியின் இரும்பு டாங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர்க் குழாய்கள் உப்பும், வெடிக்கும். மாதக் கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோலை இறக்கிவிடுங்கள். குழாய்களை வருஷத்துக்கு ஒரு முறையாவது வளைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட முடியுமா? முடியாது. எஞ்சினைப் பிரிப்பது, சக்கர பேரிங், பிரேக் கட்டை இவை கை தேர்ந்தவர்கள் வேலை. நோயைக் கண்டுபிடித்துக்கொண்டு போனால் வைத்தியச் செலவு பாதியாகும், அவ்வளவுதான்.

சொந்தக்காரர் பெயர்

வண்டியைக் கிளப்பவும் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். புல்லட்டைக் கண்டபடி உதைத்தால் அது திருப்பி உதைக்கும். கணுக்கால் கதி அதோகதி. சாவியைப் போட்டு, உதைக்கும் கட்டையை மெள்ள அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரெஷர் நெம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை அழுத்தி, நெம்பை விட்டுவிட்டு, மேலிருந்து ஒரே முழு உதை. 'டப்... டப்... டப்...'

அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். "எக்ஸாஸ்ட் டாப்பெட் கொஞ்சம் சத்தம் போடறது. அடுத்த வாரம் பார்க்கணும்" என்றாள்.

திங்கட்கிழமை வந்தவரைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

பிறகு காகித வேலை. சொந்தக்காரர் காலமானால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும். நாங்கள் நாலு வருஷம் அசட்டையாக இருந்ததற்கு அலைந்து அனுபவித்தோம். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மனுவில் யார் பெயரைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது, "உன் பேரையே போடேன், நீதானே ஓட்டப்போறே" என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை.

"ஏம்மா, இத்தனை வருஷம் உனக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே?" என்று அன்று கேட்டேன்.

"நீ எங்கே கேட்டே? விக்கலாமான்னுதானே கேட்டே" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒரு நாள் இருவரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அந்த வண்டியில் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் வருகிறோம். பதிவுப் புத்தகத்தில் சொந்தக்காரர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. பால் கணக்கு நோட்டில் மட்டும் இப்போது என் எழுத்து. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரிபார்த்துத் தருகிறாள்.

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருப்பதை விற்பதற்கு முன்னால், அதைப் பற்றி அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!