அரிட்டாபட்டிக் குன்றும் கிராம சபையும்

மதுரை ஜில்லாவில் மேலூரை அடுத்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை இந்திய சர்க்கார் 2025-ஆம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ரத்துச் செய்தார்கள். அரிட்டாபட்டி முதலிய கிராமங்களின் ஜனங்கள் இரண்டரை மாத காலம் கட்டுப்பாடாக நின்று பெற்ற வெற்றி அது. அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், பாராட்டோடு இவ்விஷயத்தை மூடிவிட நமக்குச் சம்மதமில்லை. ரத்தானது ஓர் ஏலம். அந்த ஏலத்துக்கு இடங்கொடுத்த சட்டம் இருந்தபடியே இருக்கிறது.

காப்பாற்றப்பட்டது இன்னதென்று நேயர்கள் அறிய வேண்டும். அரிட்டாபட்டியைச் சூழ்ந்து ஏழு குன்றுகள் தொடராக நிற்கின்றன. பட்டணத்துக் கண்ணுக்கு அவை வெறும் பாறை. அப்பாறைச் சரிவில் விழும் மழையே சுனைகளில் ஊறி, ஓடைகளில் இறங்கி, ஒரு கண்மாய் நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிரப்புகிறது. இக்குன்றுகளை நம்பி 72 நீர்நிலைகளும், 200 ஊற்றுகளும், 3 தடுப்பணைகளும் இருக்கின்றன என்பது சென்னை சர்க்காரே வெளியிட்ட கணக்கு. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய் அவற்றுள் ஒன்று. சமணர் படுகைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், குடைவரைக் கோயிலும் அங்கே உண்டு. வல்லூறு முதலாகச் சுமார் 250 வகைப் பறவைகளும் உண்டு. இவற்றை உத்தேசித்தே 2022 நவம்பரில் 193.42 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகப் பிரகடனமாயிற்று. கிரானைட் கல்லுக்காகக் குன்றை உடைக்கும் முயற்சியை அதற்கு முன்பே எதிர்த்து நின்றவர்கள் அவ்வூர்க் குடியானவர்கள். சர்க்கார் கொடுத்தது பட்டயம், காவல் அவர்களுடையது.

இரண்டு வருஷம் சென்றது. 2024 நவம்பரில், 2,015.51 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் படிந்ததாக அறிவிப்பு வந்தது. பாரம்பரியத் தலமும் அதற்குள் அடக்கம்! 2023-ல் திருத்திய சுரங்கச் சட்டப்படி இத்தகைய தாதுக்களை ஏலம் போடும் அதிகாரம் டில்லியினுடையது. முன்பே ஆட்சேபித்தோம் என்றார்கள் சென்னையில். ஏலம் நடந்த மாதங்களில் ஆட்சேபமே வரவில்லை என்றார்கள் டில்லியில். இதில் யார் சொல் மெய் என்ற ஆராய்ச்சியால் கிராமத்தாருக்கு லாபமில்லை. ஏலத்துக்கு முன் கிராம சபையைக் கேட்க வேண்டுமென்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை. நோய் அங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் 9-ந் தேதி சட்டசபை ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. அதன்பின், பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்தலாமா என்று டில்லியில் யோசித்தார்கள். கிராமத்தார் இதற்கு இணங்காதது முற்றிலும் நியாயம். குன்றை நிறுத்திவிட்டு அடிவாரத்தைத் தோண்டினால் வரத்துக்கால் அறுந்துபோகும்; பிறகு கண்மாய்க்கு நீர் ஏது? சர்வேக் கல்லைப் பார்த்துத் தண்ணீர் ஓடுவதில்லை. ஜனவரி 7-ந் தேதி ஆயிரக்கணக்கானோர் மதுரைக்குத் திரண்டு வந்து கேட்டது இதைத்தான்.

டங்ஸ்டன் தேசத்துக்கு வேண்டாத பொருள் என்று நாம் வாதிக்கவில்லை. கடினமான வெட்டுக் கருவிகளுக்கும் ராணுவத் தளவாடங்களுக்கும் அது அவசியந்தான். அதை எந்த நிலத்தில் எடுப்பது என்பதில் முதல் வார்த்தை யாருடையது என்பதே கேள்வி.

சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம், வழக்கப்படி ஏரி கண்மாய் மராமத்துக்கு வராத குடியானவனிடம் அவ்வேலையின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது. கண்மாய் வேலைக்குக் குடியானவனைத் தேடிப் பிடித்தது அன்னிய ஆட்சியின் சட்டம். அதே கண்மாயின் தலைமாட்டை ஏலம் போடும்போது அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை நமது சுதந்தர தேசத்தின் சட்டம்.

2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்களைக் கலந்தே பாரம்பரியத் தலத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பதற்குக் கலந்துகொள்ள வேண்டுமாயின், அழிப்பதற்குக் கலந்துகொள்ள வேண்டாமா? அத்தகைய தலத்தையோ, அதன் நீர்ப்பிடிப்பையோ தொடும் எந்த ஏலமும் கிராம சபையின் சம்மதமின்றிச் செல்லாது என்று சுரங்கச் சட்டத்தில் ஒரு விதி ஏற வேண்டும். பார்லிமெண்டில் நமது அங்கத்தினர்கள் இதற்காக ஒரு மசோதா கொண்டுவரட்டும். கட்சிப் பேதம் இதில் குறுக்கிட நியாயமில்லை.

அதுவரை கிராமங்கள் சும்மா இருக்க வேண்டுவதில்லை. அதே 2002 சட்டம் ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனத்திலும் ஒரு பல்லுயிர் நிர்வாகக் கமிட்டி இருக்க வேண்டுமென்று விதிக்கிறது; ஊரின் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அக்கமிட்டியின் பொறுப்பு. மார்ச் 22-ந் தேதி கிராம சபை கூடும் நாள். அன்று ஒவ்வோர் ஊரும் தன் கண்மாய், வரத்துக்கால், சுனை, மேய்ச்சல் தரிசு ஆகியவற்றைச் சர்வே நம்பரோடு தீர்மானத்தில் எழுதிப் பதிவேட்டில் சேர்த்து, நகலைக் கலெக்டருக்கு அனுப்பலாம். சட்டம் படித்த நேயர்கள் தத்தம் சொந்த ஊருக்குச் சென்று, அந்த எழுத்து வேலையில் கைகொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.