பையில் ஒரு மடக்குக் கத்தி

போன பொங்கல் விழாவுக்கு நம் சங்க மேடையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றை அறுக்க ஒன்றும் அகப்படவில்லை. "யார்கிட்டயாவது பிளேடு இருக்கா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார். நான் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற நண்பர் திகைத்துப் போய், "என்ன நயினாரே, எறும்பைப் பார்த்து ஒதுங்கி நடக்கிற ஆளு நீங்க. உங்க பையில கத்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இந்தக் கேள்வியை முப்பது வருஷமாக நானே எனக்குள் கேட்டுக்கொண்டு வருகிறேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், அதற்குப் பதிலையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் முழுப் பழத்தைக் கடித்துத் தின்னும் வழக்கம் கிடையாது. கொய்யாவோ கத்தரிக்காயோ, முதலில் நறுக்கி உள்ளே புழு பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. பாட்டி அரிவாள்மனையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்து வெளிச்சத்தில் பார்ப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியூர்ப் பயணத்தில் அரிவாள்மனைக்கு எங்கே போவது? அதற்காக அப்பா பையில் ஒரு பேனாக் கத்தி வைத்திருப்பார். ஆக, உயிர்க்கொலையைத் தவிர்ப்பதற்காகவே எங்கள் வீட்டுக்குள் வந்த கத்தி அது! பிறகு நான் மண்டி வியாபாரத்துக்கு வந்தேன். குத்தூசி ஒரு கையில், சாக்குத் தையலை அறுக்கக் கத்தி மறு கையில் என்று நாள் முழுக்க வேலை.

பேனாக் கத்தி என்ற பெயரே இறகுப் பேனாவின் முனையைச் சீவும் கத்தி என்பதிலிருந்து வந்தது. அது வெள்ளைக்காரன் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஏட்டில் எழுதிய நம் முன்னோரிடமும் அதற்கு ஜோடியான பொருள் இருந்தது. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை உண்டு. மடக்கெழுத்தாணிக்கு மரத்திலோ கொம்பிலோ தந்தத்திலோ ஒரு பிடி இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் எழுத்தாணி, மறுபக்கத்தில் ஓலை வாரும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக் கொள்ளும். உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இவற்றையெல்லாம் விவரித்திருக்கிறார். சமண மரபில் சாஸ்திரதானம் பெரிய புண்ணியம். கன்னட நாட்டில் 10-ஆம் நூற்றாண்டில் அத்திமப்பே என்னும் அம்மையார் பொன்ன கவியின் சாந்திபுராணத்துக்கு ஆயிரம் பிரதி எடுத்துத் தானம் செய்தார். ஆயிரம் பிரதிக்கு எத்தனை ஓலை, ஒவ்வொரு ஓலைக்கும் எத்தனை தடவை கத்தி ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, கத்திக்கு வருவோம். மடக்குக் கத்தியில் ஆதாரமான சிக்கல் ஒன்றுதான். மடங்குகிற அலகு, அறுக்கும்போது விரல்மேல் மடங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக் கொல்லனும் இதற்கு ஒவ்வொரு வழி கண்டான். அந்த வழிகளைப் பார்க்கும் ஆசையில்தான் நான் கத்தி சேர்க்க ஆரம்பித்தேன். தினமும் பையில் இருக்கத் தக்க, குறையே இல்லாத ஒரு கத்தியைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. பழைய சாமான் கடை, ரயிலடிச் சந்தை, வெளிநாடு போய் வருகிறவர்களின் பெட்டி என்று தேடி ஒரு சமயம் 24 சேர்ந்துவிட்டது.

எல்லோரும் அறிந்தது சுவிஸ் கத்தி. சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸ்னர் 1884-ல் பட்டறை தொடங்கினார். அந்நாட்டு ராணுவத்துக்கு, தகர டப்பாவைத் திறக்கவும் புதிய துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டவும் ஒரே கருவி தேவைப்பட்டது. 1891-ல் அவர் அதைச் செய்து கொடுத்தார். 1897-ல் வந்த அதிகாரிகள் கத்திதான் இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்திக்கு மூலம். அவர் செய்த கெட்டிக்காரத்தனம், முதுகில் உள்ள ஒரே எஃகு வில்லைப் பிடியின் இரு முனையில் உள்ள கருவிகளுக்கும் பொதுவாக வைத்தது. அம்மா விக்டோரியா 1909-ல் இறந்தபின் அவர் பெயரைத் தொழிலுக்கு வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. இதன் பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது, வில்லின் அழுத்தம் மட்டும்தான். கீழ்நோக்கி அறுத்தால் பத்திரம். குத்தினாலோ பின்பக்கமாக அழுத்தினாலோ மடங்கிவிடும். கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும் அது போதும் என்பது என் கட்சி.

என் மனத்தைக் கவர்ந்தது பிரான்சு நாட்டு ஓப்பினல். சாவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் என்ற பதினெட்டு வயதுப் பையன் 1890-ல் செய்தது. பீச் மரத்தில் கடைந்த பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு வளையம், அவ்வளவுதான். குடியானவன் வாங்கக்கூடிய விலையில், கைக்குத் தகுந்தபடி எண் போட்டுப் பல அளவில் விற்றார்கள். 2-ஆம் எண் சாவிக்கொத்தில் தொங்கும். 8-ஆம் எண்ணில் அலகு 8.5 செ.மீ. ஆரம்பத்தில் இதற்கும் பூட்டு இல்லை. கழுத்தில் சுற்றித் திருப்பும் பூட்டு வளையம் 1955-ல் வந்தது. வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது, திரும்பத் திருப்பினால் மடங்கும். கையால் மெதுவாகத்தான் திறக்க முடியும். அதனாலேயே பக்கத்தில் இருக்கிறவர் பயப்படுவதில்லை. பழம் நறுக்கும் கத்தி போலவே தோன்றும். குறை என்னவென்றால், மழைக்காலத்தில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். சாவோய்க்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிப்பக்கத்தை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலையை நீட்டும். நம் கடலோர ஊர் மழைக்கு அந்தத் தட்டெல்லாம் போதவில்லை!

ஜப்பானில் ஹியோகோ மாநிலத்து மிக்கி நகரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது ஹிகோனோகாமி. தகட்டை மடித்த பிடி, அதற்குள் அலகு. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் அடியில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அறுக்க வேண்டும். பூட்டு நம் விரல்தான். ஒரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோரும் பென்சில் சீவ இதை வைத்திருந்தார்கள். 1960 அக்டோபரில் சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசனுமாவை மேடையிலேயே பதினேழு வயதுப் பையன் ஒருவன் குறுவாளால் குத்திக் கொன்றான். கொன்ற ஆயுதம் வேறு. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று ஊரெங்கும் இயக்கம் கிளம்பியது. பென்சில் சீவும் கத்தியும் அதில் அடிபட்டுப் போயிற்று. இன்று ஹிகோனோகாமி என்ற பெயரோடு செய்வது ஒரே ஒரு பட்டறைதான்.

எஃகு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரிமச் சத்து மிகுந்த எஃகு சீக்கிரம் கூராகும், ஆனால் எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருவேறும், பழத்தில் இரும்பு வாடை ஏறும். துருப்பிடிக்காத எஃகை 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கினார். கத்திக்கான துருப்பிடிக்காத எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கும். எஃகு கடினமாக ஆக ஆகக் கூர் நீடிக்கும், ஆனால் முனை சில்லு உடையும், வீட்டில் தீட்டுவதும் கஷ்டம். சற்று மிருதுவான எஃகு அடிக்கடி மழுங்கும், ஐந்து நிமிஷத்தில் தீட்டிவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் நல்ல கத்தியைக் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும் அந்தச் சூட்டில் முனை நீலம் பாய்ந்து பதம் கெட்டுவிடும். தட்டையான கல்லில் தண்ணீர் விட்டு, பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்த்து நிதானமாகத் தேய்த்தால் போதும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், அழுத்த வேண்டியிருக்கிறதே!

நம் நாட்டுப் பெயர்பெற்ற மடக்குக் கத்தி ராம்புரி. உத்தரப் பிரதேசத்தில் நவாபுகள் ஆண்ட ராம்பூரின் கைத்தொழில். அதே ஊரில்தான் ரஜா நூலகம் இருக்கிறது. பாரசீக, அரபிச் சுவடிகள் ஆயிரக்கணக்கில், பனையோலை ஏடுகளும்கூட உண்டு. நான் ஊருக்குப் போனது ஏடு பார்க்க, திரும்பியது கத்தியோடு! ஓலைக்கும் கத்திக்கும் உள்ள உறவு விடவில்லை போலிருக்கிறது. பட்டனை அழுத்தினால் அலகு சடாரென்று விரியும், விரிந்ததும் பூட்டிக்கொள்ளும். வேலைப்பாடு என்று பார்த்தால் நான் வைத்திருந்ததில் அதுதான் முதல் தரம். ஆனால் இந்தி சினிமா வில்லன்கள் கையில் ஏறி இறங்கி அதன் பேரே கெட்டுவிட்டது. 2023-ல் ராம்பூரில் சுமார் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியைச் செய்து நாற்சந்தியில் நிறுத்திவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. ஆயுத விதிகளின்படி (1962 விதிகள், பிறகு வந்த 2016 விதிகள் இரண்டிலும்) அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதக் கணக்கு. வீட்டு வேலை, விவசாயம், விஞ்ஞானம், தொழில் இவற்றுக்காகச் செய்த கத்திக்கு விலக்கு உண்டு. டில்லியில் உள்ள அன்பர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1980-ல் அங்கே வந்த அறிவிக்கை ஸ்பிரிங், பட்டன், 'கர்ர்' என்று பல்சக்கரச் சத்தத்தோடு திறக்கும் கராரிதார் கத்திகளைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே அதில் அடங்கும். 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். இங்கிலாந்திலும் பூட்டு இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைக்கலாம். நம் நாட்டு விமானத்தில் மட்டும் கைப்பையில் கத்தி கூடாது. மறதியாக வைத்துக்கொண்டு போய் நல்ல சுவிஸ் கத்தி ஒன்றை ஒரு விமான நிலையப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தப்பு என்னுடையதுதான்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இல்லறத்தாருக்கு எங்கள் ஆகமங்கள் கொல்லாமையோடு மிகுபொருள் விரும்பாமையையும் விதித்திருக்கின்றன. எந்தப் பொருளானாலும் எனக்கு இவ்வளவு போதும் என்று அவரவர் வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். பையில் ஒரு கத்தி இருப்பதில் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்ததில்லை. அலமாரியில் 24 கத்தியைப் பார்த்தபோதுதான் வந்தது. "இருபத்து நாலு தீர்த்தங்கரருக்கு இருபத்து நாலு கத்தியா?" என்று என் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு போதும் என்று வரம்பு கட்டினேன்.

மற்றதை என்ன செய்வது? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், அதன் பொருளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பு, இரண்டும் வீண் தீங்கைத் தவிர்க்கும் விரதம் ஒன்றைச் சொல்கின்றன. அதில் இம்சாதானம் என்பது ஒரு குற்றம். தீங்கு செய்யும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பது என்று அர்த்தம். கோடரி, வாள் மட்டுமல்லாமல் மண்வெட்டியும் நெருப்பும்கூட அந்தப் பட்டியலில் வருகின்றன. வைத்திருந்தால் ஒரு விரதம் போகிறது, கொடுத்தால் இன்னொன்று போகிறது! பண்டிதர் ஒருவரைக் கேட்டேன். "யாருக்கு, எதுக்குன்னு பார்த்துக் கொடுங்க" என்றார். மண்வெட்டியையும் நெருப்பையும் கொடுக்காமல் ஊரில் யாரும் வாழ முடியாது என்பதால் அந்தப் பதில் எனக்குச் சரி என்று பட்டது.

பார்த்துத்தான் கொடுத்தேன், இரண்டு வருஷம் பிடித்தது. பூக்காரம்மாவுக்கு ஒன்று, கடையில் சாக்கு தைக்கும் பையனுக்கு ஒன்று, நாற்று ஒட்டுக் கட்டும் தோட்டக்காரருக்கு வளைந்த அலகு ஒன்று, ஓவிய வகுப்பு எடுக்கும் டீச்சருக்குப் பென்சில் சீவ ஹிகோனோகாமி. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீடுகளில் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்களே, ஐரோப்பாவிலும் அதே பயம் உண்டு. வாங்குகிறவர் ஒரு காசு கொடுத்து விலைக்கு வாங்கினதாக ஆக்கிக்கொள்வார். நானும் ஆளுக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

வெயில் காலத்தில் பையில் இருப்பது ஓப்பினல் 6-ஆம் எண், அலகு ஏழு சென்டிமீட்டர் சொச்சம், துருப்பிடிக்காத எஃகு. மழை பிடித்ததும் அதை மேசையில் வைத்துவிட்டு சுவிஸ் கத்தியை எடுத்துக்கொள்வேன். குறையே இல்லாத ஒன்றைத் தேடப் போய் இரண்டில் வந்து நின்றது, அதுவும் பாதிப் பாதி வருஷத்துக்கு.

ராம்புரி மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பழைய இரும்புக்குப் போட மனம் இல்லை, அத்தனை நுட்பமான கை வேலை. சேகரிப்பாளர் ஒருவர் நல்ல விலை சொன்னார், அவர் யாருக்கு விற்பாரோ என்று கொடுக்கவில்லை. பேரன் கேட்கிறான், "தாத்தா, அது எனக்குத்தானே?" பட்டனுக்கு அடியில் உள்ள வில்லைக் கழற்றி, முனையை மழுக்கிக் கொடுக்க முடியுமா என்று பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் காட்டியிருக்கிறேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கெடுக்கணுமா சாப்?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.